பார்க்காத பன்னிரண்டு பேர்

எங்கள் மலையடிவாரச் சந்தை ஊரில் அசல் கம்பள அத்தாட்சி அலுவலகம் திறந்த அன்றுதான், அதுவரை இங்கே ஒருவருக்கும் அசல் எது, போலி எது என்று தெரியாது என்ற விஷயம் எங்களுக்கே தெரியவந்தது. மேடையில் பேசிய பெரிய மனிதர் அப்படித்தான் சொன்னார். கம்பளத்தில் பிறந்து, கம்பளத்தில் தவழ்ந்து, கம்பளத்திலேயே கிடத்தித் தூக்கிப் போகப்படுகிற நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். தலைநகரிலிருந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வந்தவர் சும்மா சொல்வாரா.

அலுவலகம் வந்ததற்குக் காரணமும் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பெர்பர் கம்பளம் என்பார்கள். அவர்கள் மராகேஷ் கடைத்தெருவில் நாலு கோப்பை புதினா டீயைக் குடித்துவிட்டு, மெஷின் அடித்துத் தள்ளிய கம்பளத்தைக் கைநெசவு என்று நம்பி வாங்கிப் போனார்கள். ஊருக்குப் போய் முதல் தடவை துவைத்ததும் சிவப்பெல்லாம் ஓடி வெள்ளையில் ஏறியது. கோபமாகக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைப் படித்த மேலிடம் ஆழ்ந்து யோசித்து, கம்பளங்களைச் சந்தேகிப்பதற்காக இந்த அலுவலகத்தைத் திறந்தது.

அலுவலகத்துக்கு மேஜை வந்தது. முத்திரை வந்தது. ஆள் மட்டும் வரவில்லை. அதனால் பக்கத்து அறையில் இருபத்திரண்டு வருஷமாகப் பிறப்பு இறப்பு எழுதிக்கொண்டிருந்த ஸி தாமியை நாற்காலியோடு நகர்த்தி இந்த அறையில் வைத்தார்கள். புதுப் பதிவேடு அச்சாகி வர நாளாகும் என்பதால் அவர் தன்னுடைய பழைய பதிவேட்டையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். எங்கள் பக்கம் ஆணுக்கு ‘ஸி’, பெண்ணுக்கு ‘லாலா’ என்று மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் சேர்ப்போம். நல்ல மனிதர். லஞ்சம் வாங்கமாட்டார். வாங்கியிருந்தால் எங்கள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

என் பெயர் ஈதர். எனக்குக் கொஞ்சம் குங்குமப்பூ வயல், ஒரு கோவேறு கழுதை, ஒரு மனைவி. இந்த வரிசை அவள் காதுக்குப் போகக் கூடாது. அவள் பெயர் இஜ்ஜா. எட்டு மாதமாக ஒரு கம்பளம் நெய்துகொண்டிருந்தாள். அந்தக் கம்பளத்தை நம்பித்தான் எங்கள் கூரை இருந்தது.

கூரை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் உத்தரமாக மரத்துலாம் போட்டு, மேலே நாணல் பரப்பி, அதன் மேல் மண் பூசியிருக்கும். இலையுதிர்காலத்தின் முதல் மழையில் பெரிய அறைக்கு மேலே ஒரு துலாம் முறிந்து ஓட்டை விழுந்தது. ஆட்டுக்குட்டி விழும் அளவு ஓட்டை. அளந்து சொல்லவில்லை, ஒரு ஆட்டுக்குட்டி விழுந்தது. மேலே பனி உட்கார்ந்தால் மிச்சக் கூரையும் எங்கள் தலையில் இறங்கிவிடும். பனிக்கு முன் கம்பளத்தை விற்று, துலாம் வாங்கி, அடைத்துவிட வேண்டும். எங்களுக்கு அந்த வருஷம் இருந்த ஒரே திட்டம் அதுதான்.

கம்பள வியாபாரி உபெல்லா வாங்கத் தயாராக இருந்தான். ஆனால் இனிமேல் முத்திரை இல்லாமல் ஒரு நூல்கூட எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். சட்டத்தை மதிக்கிறவன் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தறியில் பாவு ஏற்றிய நாளில் கம்பளத்துக்கு உயிர் வருகிறது. அறுத்து எடுக்கிற நாளில் அந்த உயிர் போகிறது. அறுக்கும் முன் பெண்கள் அதன் மேல் தண்ணீர் தெளித்து, போகிற உயிருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்வார்கள். அந்த நேரத்தில் வீட்டில் ஆண் என்று ஒருவன் இருக்கக் கூடாது. பார்த்துவிட்டால் வருஷம் திரும்புவதற்குள் அவனும் போய்ச் சேர்வான் என்பார்கள். அதனால் ஊரில் எந்த வீட்டில் அறுத்தாலும் ஹம்மூவின் டீக்கடை நிரம்பிவிடும்.

இஜ்ஜா அறுத்த அன்று என்னையும் விரட்டினாள். நானும் போனேன். கூரை வரைக்கும்தான் போனேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, ஓட்டையின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று ஏறினேன். ஓட்டையின் மேல் குனிகிறவன் ஓட்டை வழியாகத்தான் பார்க்க முடியும். கீழே அவள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. பிறகு கத்தியை எடுத்து ஓரத்திலிருந்து அறுத்தாள். எட்டு மாதம் நிமிர்ந்து நின்றது அப்படியே மடிந்து அவள் மடியில் விழுந்தது. அழகாகத்தான் இருந்தது. பிறகு பயம் வந்தது, குப்புறப் படுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கம்பளத்தைக் கழுதை மேல் போட்டுக்கொண்டு இருவரும் அலுவலகம் போனோம். ஸி தாமியிடம் ‘அசலை அறியும் முறை’ என்று ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்துச் செய்தார். பின்பக்கம் திருப்பிப் பார்க்கவும் என்றது தாள். திருப்பினார். முடிச்சுகள் முன்பக்கத்துப் பூவை அப்படியே காட்டின, கையால் போட்டதால் ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக இருந்தன. குஞ்சம் தைத்து ஒட்டியதா என்று இழுத்துப் பார்க்கவும். இழுத்தார். பாவு நூலின் நுனியேதான் குஞ்சம், கம்பளம் முழுவதும் கூடவே வந்தது. ஈரத்துணியால் தேய்க்கவும். தன் கைக்குட்டையால் தேய்த்தார். கம்பளத்தின் சாயம் கைக்குட்டையில் ஏறவில்லை, கைக்குட்டையின் அழுக்குத்தான் கம்பளத்தில் ஏறியது. ஒரு நூலைக் கொளுத்தவும். கொளுத்தினார். மயிர் கருகுகிற நாற்றம் எழுந்து, யார் தலையில் நெருப்பு என்று பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அசல் கம்பளி அப்படித்தான் நாறும்.

எல்லாம் சரியாக இருந்தது. ஸி தாமி சோர்ந்து போனார்.

"எல்லாம் பொருந்துது, லாலா இஜ்ஜா. ஆனா இதையெல்லாம் யாரு சொன்னது? கம்பளம் சொன்னது. சம்பந்தப்பட்டவரே தன்னைப் பத்தி நல்லதாச் சொல்லிக்கிறது சாட்சி ஆகாது."

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, எப்போது முடித்தீர்கள் என்று கேட்டார். இஜ்ஜா எங்கள் பெண்கள் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"நேத்துச் செத்துச்சுங்க."

ஸி தாமியின் முகத்தில் நான் அதற்கு முன் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று உரிமையோடு கடிந்துகொண்டு, பதிவேட்டில் இறப்புப் பக்கத்தைத் திருப்பினார். வயது எட்டு மாதம். பாலினம், தெரியவில்லை. தாய், இஜ்ஜா. தகப்பன் பெயர் என்று கேட்டார். கம்பளத்துக்குத் தகப்பன் ஏது என்றேன். ‘தகப்பன் யாரென்று தெரியவில்லை’ என்று அழகாக எழுதினார். இஜ்ஜா அவரை முறைத்தாள், பிறகு எதற்கோ என்னையும் முறைத்தாள்.

அதற்கப்புறம்தான் சிக்கல் வந்தது. இந்தக் கம்பளத்தின் பிறப்பு பதிவாகவே இல்லை. பிறக்காதது எப்படிச் சாகும் என்று ஸி தாமி எங்களையே கேட்டார். பிறப்பு பதிவாகாத இறப்புக்குச் சட்டப்படி பன்னிரண்டு ஆண்கள் வந்து, கண்ணால் பார்த்தோம் என்று சாட்சி சொல்ல வேண்டுமாம். இஜ்ஜா வழக்கத்தைச் சொன்னாள். ஆண் வாடையே கூடாத இடத்துக்குப் பன்னிரண்டு ஆண்களுக்கு எங்கே போவது என்று கேட்டுவிட்டு, கழுதை கத்துகிறது என்று வெளியே போய்விட்டாள்.

ஸி தாமி என் பக்கம் சாய்ந்தார். "கண்ணால பார்த்தவன் ஒருத்தன், ஒரே ஒருத்தன் இருந்தாலும் போதும் ஈதர். மிச்சம் பதினோரு பேரை நான் எப்படியாவது சமாளிச்சுக்குவேன்."

நான் துலாத்தை நினைத்தேன். பனியை நினைத்தேன். விழுந்த ஆட்டுக்குட்டியை நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, நான் பார்த்தேன் என்றேன். அவர் மையைத் தொட்டு எழுதினார்: ‘நேரில் பார்த்தவர், ஈதர், கணவர். பார்த்த வழி, கூரை ஓட்டை.’ என் மனைவிக்குத் தெரியக் கூடாது என்று கெஞ்சினேன். பதிவேடு மிக மிக ரகசியமானது என்று தைரியம் சொன்னார். பிறகு விதிப்படி அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துப் பதினைந்து நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள்.

இஜ்ஜா அன்று சத்தம் போடவில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். அது சத்தத்தைவிட மோசம்.

"ஒரு கட்டைக்காக உசுரைப் பணயம் வெப்பியாய்யா? நீ போயிட்டா அந்தக் கூரைக்குக் கீழ நான் யாரோட இருக்கிறது?"

அன்று முதல் காலையில் எழுந்ததும் என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ரொட்டி மாவைத் தொடுவாள். இருபது வருஷத்தில் என்னை இப்படி யாரும் கவனித்ததில்லை. உண்மையாகவே மனம் குளிர்ந்தது.

பதினைந்தாம் நாள் சுற்றறிக்கை வந்தது. மேலிடம் ஒரு அறிஞருடன் கலந்து பேசியதாம். அவர் எங்கள் மலைகளில் ஆறு வருஷம் சுற்றி எழுதிய அறிக்கையில், அசல் கம்பளத்தை அறுக்கும்போது ஆண்கள் எவரும் இருப்பதில்லை என்று இருந்ததாம். மேலிடம் அந்த வாக்கியத்தைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து விதி ஆக்கியது. எந்தக் கம்பளத்தை ஆண்கள் பார்க்கவில்லையோ அதுவே அசல். எனவே இனிமேல் பன்னிரண்டு வயதுவந்த ஆண்கள் நேரில் வந்து, தாங்கள் இதைப் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும்.

மொத்தப் பதிவேட்டிலும் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டவன் நான் ஒருவன்தான். அதுவும் மையில். இஜ்ஜாவின் கம்பளத்துக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். ‘நிராகரிக்கப்பட்டது. ஆண் பார்த்தது.’ ஸி தாமி உண்மையாகவே வருத்தப்பட்டார். மேல்முறையீடு செய்யலாம் என்று வழி சொன்னார். பார்த்தவன் ஒரு வருஷத்துக்குள் இறப்பான் என்பது வழக்கம். நான் ஒரு வருஷம் கழித்து உயிரோடு வந்தால், பார்க்கவில்லை என்று பொருள், கம்பளம் அசல். வரும்போது உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சியும் கொண்டுவர வேண்டும், நேரில் வந்தால் மட்டும் போதாது.

இதற்கிடையில் ஹம்மூவின் டீக்கடைக்கு யோகம் அடித்தது. எதையும் பார்க்காத பன்னிரண்டு பேர் அங்கே எப்போதும் இருந்தார்கள். காலையில் போய் உட்கார்ந்தால் மாலை வரை எதையும் பார்க்கமாட்டார்கள், வருஷக்கணக்கான பழக்கம். உபெல்லா அவர்களை மொத்தமாகப் பேசிக்கொண்டான். ஒரு சாட்சிக்கு, டீயில் உடைத்துப் போடுகிற சர்க்கரைக் கூம்பு ஒன்று. அவன் லாரி வடக்கேயிருந்து வந்தது. முந்நூறு கம்பளம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. நான் அலுவலக வாசலில் நின்று பார்த்தேன்.

"இந்தக் கம்பளத்தை அறுத்தப்போ நீங்க பார்த்தீங்களா?" என்று டீக்கடை ஆட்களில் முதலாமவனை ஸி தாமி கேட்டார்.

"சத்தியமா இல்லைங்க."

"நெய்தது யாரு?"

"அதையும் பார்க்கலைங்க."

"எந்த ஊர்லன்னாவது?"

"உறையே பிரிக்கலை, எப்படிங்க தெரியும்?"

"இவ்வளவு சுத்தமான சாட்சியை நான் பார்த்ததே இல்லை" என்று ஸி தாமி முத்திரை குத்தினார்.

நான் பொறுக்காமல் உள்ளே போய், ஒரு நூலையாவது கொளுத்திப் பாருங்கள் என்றேன். கொளுத்தினார். உருகிச் சொட்டி, செருப்பு எரிகிற நாற்றம் வந்தது. அவர் தும்மிவிட்டு, கம்பளத்தின் வாக்குமூலம் சாதகமாக இருந்தாலும் செல்லாது, பாதகமாக இருந்தாலும் செல்லாது, எனக்குப் பட்சபாதம் கிடையாது என்றார். முந்நூறும் அன்று மாலைக்குள் அசலாகிவிட்டன.

அடுத்த வாரம் ஸி தாமி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அலுவல் சாராத முறையில் வந்திருப்பதாகச் சொன்னார். அதற்கு அடையாளமாகத் தொப்பியைக் கழற்றியிருந்தார். மகளுக்குக் கல்யாணம், மராகேஷில் சம்பந்தம், பெண்ணோடு ஒரு கம்பளம் அனுப்ப வேண்டும். இஜ்ஜா டீ ஊற்றிக்கொண்டே, முத்திரை போட்ட முந்நூறு சந்தையில் இருக்கிறதே என்று பாந்தமாகக் கேட்டாள்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "லாலா, அந்த முந்நூறுக்கும் முத்திரை குத்தினது நான்தானே. என் பொண்ணுக்கு எப்படிக் குடுப்பேன்? என் பதிவேட்டுல நிராகரிச்சது ஒண்ணே ஒண்ணுதான். அதனால அது மட்டும்தான் அசல்."

இஜ்ஜா சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தார். போகும்போது அந்த நிராகரிப்புச் சீட்டையும் மறக்காமல் வாங்கிக்கொண்டார். மறுநாளே நான் துலாம் வாங்கி முற்றத்தில் இறக்கினேன். கொத்தனார் வந்து பார்த்தார். மண் காய நாலு நாள் வெயில் வேண்டும், வானம் தெளியட்டும் என்றார். இஜ்ஜா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். காலையில் என் மூக்குக்குக் கீழே விரல் வைக்கவும் மறந்துவிட்டாள்.

அந்த நாலு நாள் வெயில் வரவில்லை. அதற்குள் மராகேஷில் செய்தி பரவிவிட்டது. முத்திரை குத்துகிற அதிகாரியே தன் மகளுக்கு நிராகரித்த கம்பளத்தைத்தான் கொடுத்தாராம். பெரிய பெரிய விடுதிக்காரர்கள் கம்பளத்தைத் திருப்பிப் பார்ப்பதையும் கொளுத்திப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். கடைக்குள் நுழைந்ததும், முத்திரை இருக்கிறதா என்று கேட்டார்கள், இருந்தால் மூக்கைச் சுளித்தார்கள். சீட்டு இருக்கிறதா, ஆண் பார்த்ததா, எந்த வழியாகப் பார்த்தான் என்று விசாரித்தார்கள். எங்கள் ஊருக்கு ரோடு வர இருபது வருஷம் ஆனது. இந்தப் புது நாகரிகம் வரப் பத்து நாள்தான் ஆனது.

உபெல்லா சட்டத்தை மதிக்கிறவன் என்று முன்பே சொன்னேன். அவனுடைய அடுத்த லாரி வந்தபோது, நிராகரிப்புச் சீட்டு வாங்குவதற்காக டீக்கடையின் அதே பன்னிரண்டு பேரும் முந்நூறு கம்பளத்தையும் தாங்கள் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். எந்த வழியாகப் பார்த்தாய் என்று கேட்பார்களே. அதற்காக ஒவ்வொருவனும் தன் வீட்டுக் கூரையில் ஏறி, கடப்பாரையால் ஒரு ஓட்டை போட்டான். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். ஹம்மூ டீக்கடைக்கே ஒன்று போட்டான். ஓட்டை இல்லாத வீட்டில் பெண் கொடுக்கத் தயங்கினார்கள் என்றுகூடப் பேச்சு. எங்கள் தெருவில் நான் ஒருவன்தான் ஓட்டையை அடைப்பதற்காகத் துலாம் வாங்கி வைத்திருந்தவன். பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில் வெயில் அடித்தது. கொத்தனார் ஏணியைச் சாத்தினார். அந்த நேரம் பார்த்து அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை. போலி ஓட்டைகள் பெருகிவிட்டதை மேலிடம் மிகுந்த கவலையுடன் கவனித்து வருகிறது. நிராகரிப்பின் உண்மைத்தன்மையைக் காக்கும் பொருட்டு, ஒவ்வொரு ஓட்டையும் தணிக்கை செய்யப்படும். அதுவரை எந்த ஓட்டையையும் மூடவோ, மறைக்கவோ, அதன் மேல் எதையும் விரிக்கவோ கூடாது. கொத்தனார் படித்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு நாளும் நல்ல வெயில் அடித்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம், மழையோடு ஸி தாமி வந்தார். குடை பிடித்துக்கொண்டு பெரிய அறைக்குள் நின்றார். அவர் முகம் வாடியிருந்தது. மகளின் மாமியார், ஓட்டை அசல்தானா என்று விசாரிக்கிறாளாம், இல்லையென்றால் கம்பளமும் போலி, சம்பந்தமும் சந்தேகம். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ‘அசல் ஓட்டையை அறியும் முறை.’

ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்தார். ஓரம் நேராக வெட்டியதா என்று பார்த்தார். கோணல்மாணலாக இருந்தது. துலாம் முறிந்ததா, அறுத்ததா என்று தடவினார். முறிந்துதான் இருந்தது. நாணல் உளுத்திருக்கிறதா என்று குச்சியால் குத்தினார். ஒரு கூடை மண் பதிவேட்டின் மேல் விழுந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அவர் சோர்ந்து போனார்.

"எல்லாம் பொருந்துது ஈதர். ஆனா இதெல்லாம் ஓட்டை தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிறது" என்றார். பிறகு நனைந்த பதிவேட்டைத் திறந்து, பேனாவை எடுத்தார். "இந்த ஓட்டை விழுந்தப்போ நீ பார்த்தியா?"

இஜ்ஜா என்னைப் பார்த்தாள். முற்றத்தில் துலாம் நனைந்துகொண்டிருந்தது. பார்த்திருந்தேன். இதே இடத்தில் படுத்துக்கொண்டு, முறிகிற சத்தம் கேட்டு, நிமிர்ந்து பார்த்திருந்தேன். உண்மை நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. முன்பு ஒருமுறை அப்படி வந்ததற்குத்தான் இவ்வளவும் நடந்தது.

"ஸி தாமி, இந்த வாரம் எது செல்லும்னு முதல்ல சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி பார்த்திருக்கேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நியாயமான கேள்வி என்றுதான் நினைத்தார். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அது பற்றிச் சுற்றறிக்கை இன்னும் வரவில்லை, எதற்கும் பன்னிரண்டு பேரை வரச்சொல், வந்தபின் பார்த்தார்களா இல்லையா என்று முடிவு செய்துகொள்ளலாம் என்றார். இஜ்ஜாவே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு மழையில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தாள்.

ஒருவரும் வரவில்லை. அவரவர் வீட்டில், அவரவர் ஓட்டைக்குக் கீழே, வாளி நிரம்ப நிரம்ப எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தார்களாம்.